ரிப்போர்ட்டில் ஒரு கரும்புள்ளி

இதயத் துடிப்பு தாறுமாறாகி, அதனால் பக்கவாதம் வந்தவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'மைக்ரோபிளீட்' (மூளையில் நுண்ணிய ரத்தக்கசிவு) என்று வந்ததும் வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சேலத்தில் ஸ்ட்ரோக் வார்டு வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி.

அந்தப் புள்ளி, எப்போதோ கசிந்த ரத்தம் விட்டுப்போன இரும்புக் கறை. பெரும்பாலும் 2 முதல் 10 மி.மீ.க்குள் இருக்கும். சி.டி.யில் தெரியாது; எம்.ஆர்.ஐ.யில் இரும்பைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. போன்ற தனி வகைப் படம் எடுத்தால்தான் தெரியும், அதுவும் உள்ளதைவிடப் பெரிதாக. கறுப்பெல்லாம் கசிவல்ல. குறுக்கே வெட்டுப்பட்ட ரத்தக்குழாயும் வட்டப் புள்ளிதான். படத்தின் அடுக்குகளை (ஸ்லைஸ்) மேலும் கீழும் நகர்த்தினால் குழாய் கோடாக நீளும். கசிவு ஓரிரு ஸ்லைஸிலேயே மறைந்துவிடும். சுண்ணாம்புப் படிவும் ஏமாற்றும், ஆனால் அது சி.டி.யில் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். பழைய ஃபிலிமைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நச்சரிப்பது இதற்காகத்தான்.

எத்தனை, எங்கே என்பதே அடுத்த கேள்வி. மூளையின் ஆழத்தில் இருந்தால் பெரும்பாலும் ரத்த அழுத்தத்தின் வேலை. ஓரங்களில் மட்டும் சிதறியிருந்தால், வயதானவர்களுக்குக் குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கலாம். அங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

புள்ளி இருந்தால் ரத்தக்கசிவு கூடுகிறது என்பது உண்மைதான். 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குப் புள்ளி இல்லாதவர்களில் 2.6, உள்ளவர்களில் 9.8. ஆனால் 2019-இல் 20,322 பேரின் விவரங்களைத் தொகுத்தபோது, 20 அல்லது அதற்கு மேல் புள்ளி இருந்தவர்களுக்கும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 39 ரத்தக்கசிவு, 73 அடைப்பால் வந்த பக்கவாதம். மாத்திரையை நிறுத்தினால் எந்தப் பக்கம் தராசு சாயும் என்று பாருங்கள்.

நாம் இறுக்க வேண்டியது மற்றவற்றை. ரத்த அழுத்தம் 130/80-க்குள் வேண்டும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி கூடாது. ஆஸ்பிரின் கூடவே எதற்கு என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் என்ற பழைய மாத்திரை சாப்பிடுபவருக்கு, உறையும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். 2–3-க்குள் நிற்க வேண்டும். ஏற்காட்டு எஸ்டேட் ஆளுக்கு ரத்தப் பரிசோதனை என்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி ஒருநாள் கூலி போகும், தள்ளிப்போடத்தான் செய்வார். அதனால் அபிக்ஸபான் போன்ற புது மாத்திரை அவருக்கு வசதி. ஆனால் இதயத்தில் செயற்கை உலோக வால்வு உள்ளவருக்கு அது ஆகாது.

திடீர்த் தலைவலியோடு வாந்தி வந்தால் 108-ஐ அழையுங்கள். மாத்திரைப் பட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள், கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் சொல்லுங்கள். எதிர்மருந்து அதை வைத்துத்தான் முடிவாகும்.