ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவில்: பூசை முடிந்தபின் கிளம்பிவிடாதீர்கள்

சிங்கப்பூரின் ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். கட்டடங்களுக்கு நடுவே ஒற்றைக் கூர்கோபுரம் தெரியும். சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கர்கள் முன்பு குவீன் ஸ்திரீட் கோவிலில் சீனச் சபையினரோடு சேர்ந்து வழிபட்டார்கள். தங்களுக்கென்று 1886இல் அடிக்கல் நாட்டிய இந்தக் கோவில் 1888இல் எழுந்தது. பிரான்ஸின் லூர்து பேராலயத்தை ஒட்டிய சாயல். 2005 முதல் தேசிய நினைவுச்சின்னம்.

தமிழ்ப் பூசை நேரத்தைப் பங்கு அறிவிப்பில் பார்த்துக்கொண்டு வாருங்கள், விழாக் காலத்தில் மாறக்கூடும். இருபது நிமிடம் முன்னதாக வந்தால் அமைதியாக ஒரு ஜெபமாலை சொல்லலாம். நற்கருணை (பூசையில் தரும் திரு அப்பம்) வாங்குவோர் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீரும் மருந்தும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஊரில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பழகியவர்கள் வாசலில் தயங்குவார்கள். இங்கே காலணியோடே பெஞ்சில் அமரலாம். முழந்தாள் பலகையைக் கையால் மெதுவாக இறக்குங்கள், காலால் தள்ளினால் கோவில் முழுக்கச் சத்தம் கேட்கும். பிற சமயத்தார் பூசை முழுவதும் இருக்கலாம், நற்கருணை மட்டும் வாங்குவதில்லை.

பூசை முடிந்ததும் ஓடிவிடுவதுதான் பெரிய பிழை. ஞாயிறு விடுப்பில் வரும் கட்டுமானத் தொழிலாளியும் வீட்டு வேலைக்கு வந்த அக்காவும் நம் மொழியில் நிதானமாக இரண்டு வார்த்தை பேசக் கிடைக்கும் நேரம் அதுதான். பக்கத்து பெஞ்சில் புதுமுகத்தைக் கண்டால் "எந்த ஊருங்க?" என்று நீங்களே தொடங்குங்கள். வாசலில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரமும் வழிபாட்டின் பகுதி என்றே எண்ணுகிறோம்.

பங்கின் அருமை துக்க வீட்டில் தெரியும். அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் உடலை வைத்திருக்கும்போது இரவு ஜெபம் சொல்லப் பங்கு மக்கள் வருவார்கள். இங்கே வரிசை முக்கியம்: முதலில் கோவில் அலுவலகத்துக்கோ அருட்தந்தைக்கோ சொல்லுங்கள், பிறகு மண்டாய் தகனச்சாலையில் நேரம் குறியுங்கள். பலர் தகன நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த நேரத்துக்குச் சாமியார் கிடைக்காமல் கடைசி நிமிடத்தில் அலைகிறார்கள். கீழ்த்தளத்துக்கு நகர மன்ற அனுமதி தனி. பெரும்பாலும் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளரே வாங்கித் தருவார்.

கஷ்டத்தில் இருக்கும் அண்டை வீட்டாருக்கு உதவ நினைத்தால், ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கே போய்ப் பார்த்து, தேவையறிந்து செய்வார்கள். உணவுப் பொருள் தருவதானால் என்ன வேண்டும் என்று கேட்டு, காலாவதித் தேதி பார்த்துக் கொடுங்கள். நாள் நெருங்கிய டின்களைக் கொடுத்தால் பிரித்து ஒதுக்கும் வேலைதான் மிச்சம்.

பூசைக் கருத்து, அதாவது யாருக்காக, எதற்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பதை எழுதுவதற்கும் அதே முன்யோசனை வேண்டும். பெயரைத் தெளிவாக எழுதி, இறந்தவருக்கா, நன்றிக்கா என்பதைக் குறித்து, சில நாள் முன்பே அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். 1858இல் லூர்தில் அன்னை முதலில் காட்சி தந்த நாளான பிப்ரவரி 11இன் பூசைக்கு என்றால் இன்னும் முந்திக்கொள்ள வேண்டும்.