பத்துக் கால்கள்

சிகிச்சைக் குதிரையேற்ற மையத்தில் வேலைக்குச் சேரப் போனபோது எனக்குக் குதிரை ஏறத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டுத் தயங்கி நின்றேன். பயிற்றுநர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. “முக்கால் மணி நேரம் மணலில் நடக்க முடியுமா? நடுவில் கையை எடுக்காமல்?” என்று மட்டும் கேட்டார். முடியும் என்றேன். அன்று மாலை கெண்டைக்கால் இரண்டும் கல்லாகியிருந்தன. வலது தோளைத் தூக்க முடியவில்லை.

அந்த வேலைக்கு சைடு வாக்கர் என்று பெயர். குதிரையின் தலைப்பக்கம் கயிற்றைப் பிடித்து ஒருவர் நடத்திச் செல்வார். சேணத்துக்கு நேராக இரண்டு பக்கமும் இருவர் நடப்போம். பயிற்றுநர் மைதானத்தின் நடுவில் நிற்பார். ஒரு குழந்தை ஏறி இறங்குவதற்கு நாலு பெரியவர்கள் வேண்டும். புகைப்படம் எடுப்பவர்கள் குழந்தையின் முகத்தையும் குதிரையின் பிடரியையும்தான் எடுப்பார்கள். அது இயல்புதான், அந்த முகத்தைப் பார்த்தபிறகு வேறு எதை எடுக்கத் தோன்றும்? ஆனால் படத்தின் ஓரத்தில் அநேகமாக ஒரு கை பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். நான் எழுத வந்தது அந்தக் கையைப் பற்றி.

எனக்கு முதலில் ஒதுக்கிய குழந்தை ஒன்பது வயதுப் பையன். தசைகள் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழந்துகொண்டே போகும் நோய் அவனுக்கு. மெல்ல நடப்பான், ஆனால் விழுந்தால் தானாக எழ முடியாது. சரிவுப் பாதை வழியாக ஏற்றுமேடைக்கு வந்து, எங்கள் தோள்களைப் பற்றிக்கொண்டு, மேகத்தின் முதுகில் உட்கார்ந்தான். மேகம் என்பது எங்கள் சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. உட்கார்ந்ததும் அவன் குனிந்து தரையைப் பார்த்தான். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தான்.

“மேகத்துக்கு நாலு. அந்த மாமாவுக்கு ரெண்டு. அந்தப் பக்கம் அண்ணனுக்கு ரெண்டு. உங்களுக்கு ரெண்டு. எனக்கு இன்னிக்குப் பத்துக் கால், அக்கா.”

அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் ஏறியவுடன் எண்ணுவான். எண்ணி முடித்த பிறகுதான் “நட” என்று சொல்லுவான். அவன் சொல்லாமல் குதிரை நகரக் கூடாது என்பது பயிற்றுநரின் விதி. பேச்சு வராத குழந்தையாக இருந்தால் குதிரையின் கழுத்தில் ஒரு தட்டு தட்டினால் போதும். எப்படியானாலும் கட்டளை மேலிருந்துதான் வரவேண்டும்.

குதிரை ஏன் என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். குதிரை நடக்கும்போது அதன் முதுகு உட்கார்ந்திருப்பவரின் இடுப்பை மூன்று விதமாக அசைக்கிறது. முன்னும் பின்னும், இடமும் வலமும், கொஞ்சம் திருகலாகவும். ஒரு மனிதர் நடக்கும்போது அவருடைய இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படித்தான். நடக்கவே முடியாத ஒரு குழந்தையின் இடுப்புக்கும் முதுகுத்தசைக்கும் நடையின் தாளம் கிடைக்க வேறு வழி அதிகம் இல்லை. பெருமூளை வாதத்தால் தொடைகள் இறுகிப்போன குழந்தைகள் ஏறிப் பத்து நிமிடத்தில் கால்களைத் தளர்த்துவதைக் கையடியிலேயே உணர்ந்திருக்கிறேன். குதிரையின் உடல் சூடும் அதற்கு உதவுகிறது. இயன்முறை மருத்துவர் தம் சிகிச்சைக்கு ஒரு கருவியாகக் குதிரையின் அசைவைப் பயன்படுத்துவது ஒன்று. எங்களைப் போல, குதிரையேற்றத்தையே ஒரு கலையாகக் கற்றுக்கொடுத்து, அதன் வழியாக உடலும் மனமும் தேறட்டும் என்று விடுவது இன்னொன்று. பெற்றோர் இரண்டையும் ஒன்றாக நினைத்து வருவார்கள். முதல் நாளே பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது. இது நோயைத் தீர்க்கும் என்று நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை.

ஏற்றிவிடக் கூடாதவர்களும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குக் கழுத்தின் மேற்பகுதியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளும் நிலையாக இருக்கின்றனவா என்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வலிப்பு கட்டுக்குள் இல்லாதவர்கள், இடுப்பு மூட்டு விலகியவர்கள், முதுகுத்தண்டு மிகவும் வளைந்தவர்கள் வந்தால் ஆசை முகத்தைப் பார்த்துக்கொண்டே முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை.

கைக்கு வருகிறேன். குழந்தையின் தொடைமேல் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை படிய வைத்து, விரல்களால் சேணத்தின் முன்விளிம்பைப் பிடிக்க வேண்டும். எடையை இறக்கக் கூடாது. இறக்கினால் குழந்தை அந்தப் பக்கம் சாயும், சேணமும் சாயும், குதிரைக்கு முதுகு நோகும். கை வலித்தால் பயிற்றுநரிடம் சொல்லிக் குதிரையை நிறுத்தி, ஒவ்வொருவராகப் பக்கம் மாற வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் கையை எடுப்பது கூடவே கூடாது. இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். எனக்குப் பழக ஓராண்டு பிடித்தது, பிடிக்காமல் இருப்பது.

குழந்தை லேசாகச் சாய்ந்தவுடன் கை தானாக ஓடிப்போய்த் தூக்கிவிடும். பயிற்றுநர் ஒருநாள் நடுவிலிருந்து உரக்கச் சொன்னார்: “நீங்க தூக்கிட்டா அவன் முதுகு எப்போ வேலை செய்யும்? ரெண்டு மூச்சு பொறுங்க.” இரண்டு மூச்சு என்பது பக்கத்தில் நடப்பவருக்கு மிக நீண்ட நேரம். பொறுத்தேன். பையன் சாய்ந்தான், பற்களைக் கடித்தான், பிடரி மயிரைப் பற்றினான், நிமிர்ந்தான். என் கை அவன் தொடைக்கு ஒரு விரற்கடை மேலே காற்றில் நின்றது. அன்று முதல் என் வேலையின் பெரும்பகுதி அந்த ஒரு விரற்கடை இடைவெளியில்தான் நடந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு பக்கத்துக்கு ஆள் வேண்டாம் என்று பயிற்றுநர் முடிவு செய்தார். பையன் ஏறி உட்கார்ந்து எண்ணினான். மறுபடியும் எண்ணினான். “எட்டுதான் இருக்கு” என்றான். முதலில் பயந்துவிட்டானோ என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தபோது அப்படியில்லை. வேலிக்கு அப்பால் இருந்த அம்மாவைக் கூப்பிட்டு, “எட்டு!” என்று கத்தினான். மேகத்தின் காது இரண்டும் பின்னால் அவன் குரலை நோக்கித் திரும்பின.

எங்கள் மையத்தின் தீனி அறைக் கதவில் ஒரு பெண்ணின் படம் ஒட்டியிருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல். 1944இல் கருவுற்றிருந்தபோது போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். பிறர் தூக்கி வைத்தால்தான் குதிரையில் ஏற முடியும். அவர்தான் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், ஜூபிலி என்ற தம் குதிரையோடு டிரெஸ்ஸாஜ் போட்டியில், அதாவது குதிரையை நுணுக்கமான நடைகளில் நடத்திக் காட்டும் போட்டியில், வெள்ளி வென்றார். அந்தப் போட்டியில் பெண்களும் ஆண்களோடு சேர்ந்து போட்டியிட அனுமதித்த முதல் ஒலிம்பிக் அது. 1956இலும் வெள்ளி. அந்த வெற்றிக்குப் பிறகுதான் இப்படி ஒரு முயற்சியை உலகம் கவனிக்கத் தொடங்கியது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கான தேசிய அமைப்புகள் 1969இல் உருவாயின. 1996 முதல் பாராலிம்பிக்கிலும் குதிரையேற்றம் தொடர்ந்து இடம்பெறுகிறது. பையனுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அவன் கேட்ட ஒரே கேள்வி: “அவங்களைத் தூக்கி வச்சது யாரு?” எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் அந்தப் படத்தைக் கடக்கும்போது அந்தக் கேள்விதான் வருகிறது.

குதிரைகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். சாதுவான குதிரை இருந்தால் போதும் என்று வெளியில் நினைக்கிறார்கள். சாது என்பதும் அயர்ந்துபோனது என்பதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் பிரித்தறிவதுதான் லாயத்தில் வேலை செய்கிறவரின் முதல் கடமை என்று நான் நினைக்கிறேன். சமநிலை இல்லாத உடலை மணிக்கணக்கில் சுமப்பது குதிரைக்குக் கடினம். திடீரென்று அலறும் குழந்தையும், கால்களால் இறுக்கும் குழந்தையும், பிடரியை இழுக்கும் குழந்தையும் மாறிமாறி வருவார்கள். மேகம் வாய்விட்டுச் சொல்லாது. வயிற்றுவாரை இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்கும், வாலை ஒருமுறை சுழற்றும், ஏற்றுமேடைக்கு அருகே வரும்போது ஒரு அடி தயங்கும். அப்படித் தயங்கிய வாரம் அதற்கு விடுப்பு. பயண வண்டியில் வந்து இறங்கி, தலைக்கவசம் மாட்டிக் காத்திருக்கும் குழந்தையிடம் “இன்னிக்கு மேகத்துக்கு முடியலைடா கண்ணு” என்று சொல்லுவது எளிதல்ல. ஆனால் அந்தக் குழந்தைகளைப்போல அதை வேறு யாரும் புரிந்துகொண்டு நான் பார்த்ததில்லை. முடியாத நாள் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். தேய்ப்பானை எடுத்துக்கொண்டு கழுத்தைத் தேய்த்துவிடுவார்கள். அதுவும் ஒரு வகுப்புதான்.

இனி செலவும் உழைப்பும். ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து கிலோ உலர்புல் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் வரவேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றுவலி வந்தால் அது உயிர்ப் பிரச்சினை, நடுராத்திரியானாலும் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வகுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் லத்தி அள்ள வேண்டும். குழந்தைகள் கட்டும் கட்டணத்தில் இதில் பாதிகூட அடங்காது. மிச்சத்தைச் சுற்றியிருக்கும் மனிதர்கள் சுமக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் தாத்தா. குதிரைகளைத் தொட இன்றுவரை பயம் அவருக்கு. ஆனால் சரிவுப் பாதையின் கைப்பிடியில் ஒரு சிலாம்பு கூடக் குழந்தையின் விரலில் ஏறாதபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பார். புல் வளர்ப்பவர் ஒருவர் மழைக்கு முன் அறுத்த முதல் வண்டியை எங்களிடம் கொண்டுவந்து இறக்குகிறார். தையல் தெரிந்த ஒரு அம்மா அறுந்த வார்களையெல்லாம் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்து வருகிறார். கல்லூரிப் பிள்ளைகள் மணலைக் கிளறிச் சமன் செய்கிறார்கள். வேலிக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு இருக்கிறது. பெற்றோர் உட்காரும் இடம். அங்கே நடக்கும் பேச்சு வேறு எங்கும் நடக்காது. எந்தப் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறார்கள், எந்தச் சக்கர நாற்காலி திரும்பும், இரவில் தூங்காத பிள்ளையை என்ன செய்வது. நாங்கள் யாரும் திட்டமிடாமல் உருவான பெஞ்சு அது. சில வாரங்களில் மைதானத்தைவிட அங்கேதான் அதிக வேலை நடந்தது என்று எனக்குத் தோன்றும்.

ஒருநாள் கூட்டமாக வந்து, வேலிக்கு வண்ணம் பூசி, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வேலிக்கு வண்ணம் வேண்டும்தான். ஆனால் யாராவது என்னிடம் எப்படி உதவலாம் என்று கேட்டால், செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வாருங்கள், அடுத்த செவ்வாயும் வாருங்கள் என்றுதான் சொல்லுவேன். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பக்கத்தில் நடப்பவரின் முகம் மாறினாலே அன்றைய வகுப்பு குலைந்துபோகும். குதிரைக்கும் அப்படித்தான். ஒரு சைடு வாக்கர் வராத நாளில், ஒரு குழந்தை தலைக்கவசத்தோடு பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பையனின் கணக்கு நாலாவது ஆண்டில் மறுபடி பத்தானது. நோய் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இந்த முறை அவன் உரக்க எண்ணவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. கை மறுபடி தொடைமேல் படிந்து உட்கார்ந்தது. அடுத்த ஆண்டு அவன் சக்கர நாற்காலியில் வந்தான். அதற்கும் பிறகு ஒரு மாலை, குதிரை திரும்பும்போது அவன் தலை தோள்பக்கம் விழுந்தது, நிமிரவில்லை. தலைக்கவசத்தின் எடையை அவன் கழுத்து தாங்கவில்லை. கவசம் இல்லாமல் யாரையும் ஏற்ற முடியாது. கவசத்தோடு ஏற்றினால் கழுத்துக்கு ஆபத்து. பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் அவன் அம்மாவோடு நெடுநேரம் பேசினார்கள். அவனிடம் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

மேகத்தின் கொட்டடிக்குள் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் மேகம் தாடையை வைத்திருந்தது. ரொம்ப நேரம் கழித்து, “இதுக்கு இப்போ எத்தனை வயசு?” என்று கேட்டான். பத்தொன்பது என்றேன். “அதையும் நிறுத்திடுவீங்களா?” நிறுத்துவோம், அடுத்த ஆண்டு என்றேன். “அப்புறம் அது இங்கேயே இருக்குமா?” இருக்கும் என்றேன். தலையை லேசாக அசைத்தான்.

இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது செவ்வாய் நாலு மணிக்கு அம்மா அவனை அழைத்து வந்தார். அன்று புதிய சைடு வாக்கர்கள் ஆறு பேருக்குப் பயிற்சி. ஒரு மரப்பீப்பாயின் மேல் சேணத்தைப் போட்டு, எங்களில் ஒருவரை ஏற்றிவைத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது வழக்கம். அவன் நாற்காலியைப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னான். ஒவ்வொருவரும் கையை வைப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தான். வாட்டசாட்டமான ஒரு இளைஞர் தொடையை இறுகப் பிடித்தபோது குறுக்கிட்டான்.

“அழுத்தாதீங்க அண்ணா. கை இருக்குன்னு தெரிஞ்சா போதும். சாய்ஞ்சா உடனே தூக்காதீங்க, ரெண்டு மூச்சு பொறுங்க.”

இளைஞர் கையைத் தளர்த்தினார். “இப்போ சரியா?”

“கிட்டத்தட்ட. இன்னொரு தடவை வைங்க.”