மின்கம்பம் இல்லாத மணல்காட்டில் குடியேறுவது

சிங்கப்பூர், துபாய், சவூதி என்று பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களில் சிலர், ராமநாதபுரம் கடற்கரையோரம் ஒரு பனந்தோப்பில் கரண்ட் இணைப்பே வாங்காமல் குடும்பத்தோடு இருக்க நினைக்கிறார்கள். முதலில் கேட்பது சோலார் பற்றித்தான்: எத்தனை கிலோவாட், எந்த பேட்டரி, என்ன செலவு. வெயிலுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் நிற்கிறது. இங்கே குடித்தனம் நிலைக்குமா என்பது மணலுக்கடியில் கிடக்கும் நல்ல தண்ணியையும் காற்றில் வரும் உப்பையும் பொறுத்தது. அதனால் தண்ணீரில் இருந்து தொடங்குகிறோம்.

நிலம் பார்க்க தை மாதம் வராதீர்கள். ஊருணி நிரம்பிக் கிடக்கும், மணலை முழங்கை ஆழம் தோண்டினாலே ஈரம் தட்டும், எந்த நிலமும் நல்ல நிலமாகத் தெரியும். ஆவணி, புரட்டாசியில் வாருங்கள். ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிவிடும். அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் தண்ணீர் எப்படி இருக்கிறதோ அதுதான் உங்கள் நிலத்தின் உண்மையான தண்ணீர்.

மணல்மேட்டின் கடலைப் பார்க்காத பக்கத்தில் ஊத்துத் தோண்டிப் பாருங்கள். மேல் மணல் சரிந்துகொண்டே இருக்கும், அதனால் வாய் அகலமாகத் தோண்ட வேண்டும். நாலைந்து அடி இறங்கியதும் மணல் நிறம் கருக்கும், உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறும். இன்னும் ஓரடி இறங்கினால் ஓரத்தில் இருந்து தண்ணீர் கசிந்து குழியின் நடுவில் ஒரு தட்டு அளவுக்குத் தேங்கும். இங்கே பெண்கள் அதைச் சிரட்டையால் மேலோட்டமாக அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். அடியைக் கலக்கவே மாட்டார்கள். அந்தச் சிரட்டைப் பழக்கத்தில்தான் இந்தக் கரையின் தண்ணீர்க் கணக்கு முழுவதும் இருக்கிறது.

மணலில் இறங்கிய மழைத்தண்ணீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஓரடி இறக்கினால், அடியில் உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். இங்கே போர் போட்டவர்களின் தண்ணீர் இரண்டொரு கோடையில் சவராகிப்போவது இதனால்தான். ஒருமுறை உப்பு ஏறிவிட்டால் அடுத்த மழைக்காலம் வரை, சில இடத்தில் பல மழைக்காலம் வரை, இறங்காது.

ஆகவே ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். 3 அடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகளை (கிணற்று வளையங்களை) இறக்கி, கோடை மட்டத்துக்குக் கீழே 2 அல்லது 3 அடியோடு நிறுத்துங்கள். தண்ணீர் போதாவிட்டால் உறையை இன்னும் இறக்காமல், அதே மட்டத்தில் பக்கவாட்டில் துளையிட்ட 4 அங்குல பி.வி.சி. குழாயை வலை சுற்றி, சுற்றிலும் ஜல்லி போட்டு 15, 20 அடி பதியுங்கள். அரை ஹெச்.பி. மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டு டேங்கை நிரப்புவதை விட, சின்ன டி.சி. சோலார் பம்பு பகல் முழுக்கச் சொட்டிச் சொட்டி நிரப்புவது இந்த மண்ணுக்கு நல்லது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். குடிநீருக்கு இந்தியத் தரம் சொல்வது லிட்டருக்கு 500 மி.கிராம். வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. உங்கள் கிணற்றில் 700 இருந்தது 1100 ஆகிறதென்றால் நாக்கு சொல்லும் வரை காத்திருக்காதீர்கள், அன்றே இறைப்பதைப் பாதியாகக் குறையுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் மழைத்தண்ணீரே போதும். 56 சதுர மீட்டர் ஓட்டுக்கூரையில், அதாவது 600 சதுர அடியில், 1 மி.மீ. மழைக்கு 56 லிட்டர் விழும். பருவத்தில் 500 மி.மீ. பெய்து அதில் 80 சதவீதம் கைக்கு வந்தால் 22,000 லிட்டருக்கு மேல். நான்கு பேருக்கு நாளுக்கு 20 லிட்டர் வீதம் 270 நாளுக்கு 5,400 லிட்டர் போதும். மழை பொய்க்கும் வருடத்துக்கும் சேர்த்து 10,000 லிட்டர் தொட்டி கட்டுங்கள். இங்கே எல்லோரும் தவறுவது முதல் மழையில்தான். எட்டு மாதக் கடல்காற்று கூரையில் உப்பைப் படிய வைத்திருக்கும். 6 அங்குலக் குழாயில் 10 அடி வைத்தால் சுமார் 55 லிட்டர்தான் பிடிக்கும், கூரையைக் கழுவ அது பத்தாது. 200 லிட்டர் டிரம்மே வையுங்கள். தாழ்குழாயில் விழும் தண்ணீரை மீட்டரில் பார்த்து, 50க்குக் கீழே வந்த பிறகே தொட்டிக்குத் திருப்புங்கள்.

ஆர்.ஓ. போடலாமே என்பவர்களுக்கு ஒன்று: அது தள்ளும் கழிவு உப்புநீர் உங்கள் மணலிலேயே இறங்கி உங்கள் ஊத்துக்கே திரும்பி வரும். இதே காரணத்தால் கசிவுக்குழிக் கழிவறையும் இங்கே கூடாது. குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவில் 2 மீட்டர் வேண்டும், மழைக்காலத்தில் மட்டமே நாலடிக்கு வந்துவிடும். தரைக்கு மேலே கட்டும் இரட்டை அறை உலர் கழிவறைதான் வழி. திருச்சி மாவட்டம் முசிறியில் இது பொதுக்கழிப்பிடமாகவே நடந்திருக்கிறது. நான்கு பேருக்கு அறை ஒன்றுக்கு 1 கன மீட்டர். ஒவ்வொரு முறையும் ஒரு சிரட்டைச் சாம்பல், கழுவும் தண்ணீருக்குத் தனித் துளை, நிறைந்த அறையை ஒரு வருடம் மூடி வைப்பது. சாம்பல் ஈரமாக இருந்தால் நாறும், புழு வைக்கும். மழைக்கு முன்பே ஒரு டிரம் சாம்பல் மூடி வையுங்கள்.

சாண எரிவாயுவும் இங்கே சரிப்படாது. 2 கன மீட்டர் கலத்துக்கு நாளுக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். அந்த 50 லிட்டருக்கு வேறு வேலை இருக்கிறது. விறகுக்குச் சீமைக்கருவேலம் வேண்டிய மட்டும் உண்டு, கூட ஒரு சிலிண்டர் போதும்.

பத்திர விஷயம் சுருக்கமாக. என்.ஆர்.ஐ. ஆக இருக்கும்போது ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிப்படி விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். நிரந்தரமாகத் திரும்பி, வங்கிக் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிவிட்டு வாங்குங்கள். பட்டா, அடங்கல், புலவரைபடம், 30 வருட வில்லங்கம் பார்ப்பதோடு உயர் அலைக்கோடு (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) எங்கே ஓடுகிறது என்று கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் பாருங்கள். அதிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு என்ற பேச்சே வேண்டாம். அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த, கடலை ஒட்டிய முன் மணல்மேட்டைத் தொடாதீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு நேர்ந்ததை மறக்கக்கூடாத கரை இது. இன்னொன்று: கரண்ட் பில் இல்லாத வீட்டுக்கு முகவரிச் சான்று கிடைப்பது இழுக்கும். ஊராட்சியில் வீட்டு வரி ரசீதை முதலில் வாங்கிவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் நகரும்.

வீடு கட்டும்போது கிணற்றுத் தண்ணீரைச் சிமெண்டில் கலக்காதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராமுக்கு மேல் போகக்கூடாது. கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடல் 45 மி.மீ., கடல் சாரல் படும் பக்கம் 50. மேஸ்திரி 25 போதும் என்பார். அளந்து பார்த்த பிறகே கொட்டச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் பவளக்கல் சுவர் பார்க்கலாம். இப்போது பவளப்பாறையை எடுப்பது சட்டப்படி குற்றம். கூரைக்குப் பழைய வீடு பிரித்த பனங்கைகள் கிடைத்தால் விடாதீர்கள். நிற்கும் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், வெட்டவும் மனசு வரக்கூடாது.

இனி சோலார். குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறி நான்கு 12 மணி நேரம் ஓடினால் 1.4 யூனிட், சின்ன ஃபிரிட்ஜ் 0.8, விளக்கு, லேப்டாப், மோடம், பம்பு, மிக்ஸி எல்லாம் சேர்த்து நாளுக்கு மூன்றரை யூனிட். 540 வாட் பேனல் நான்கு, 51.2 வோல்ட் 100 ஏ.ஹெச். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று. நல்ல வெயிலில் 8 யூனிட் வரும், தேவைக்கு இரண்டு மடங்கு. கார்த்திகையில் மூன்று நாள் மூடாக்கு போட்டால் கால்வாசியே கிடைக்கும், அதற்காகத்தான் அந்தக் கூடுதல். பேட்டரியைப் பெருக்குவதை விடப் பேனலைப் பெருக்குவது மலிவு. இரண்டு இரண்டாகத் தொடரில் இணைத்தால் 100 வோல்ட் அருகே நிற்கும். நான்கையும் தொடரில் போட்டால் 200ஐத் தொட்டு, 150 வோல்ட் மட்டுமே தாங்கும் சார்ஜ் கண்ட்ரோலரைக் கருக்கிவிடும். தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வு.

வெளிநாட்டில் இருந்து சாமான் கட்டுகிறவர்கள் கவனிக்க: சிங்கப்பூர், துபாய் மின்சாரம் நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ், பிளக் மாற்றினால் போதும். சவூதி 60 ஹெர்ட்ஸ். அங்கே வாங்கிய சாதாரண மோட்டார் இங்கே மெதுவாகச் சுற்றிச் சூடேறும்.

பேனலைத் தாங்கும் போல்ட்டுகளில்தான் உப்பின் வேலை தெரியும். 304 ரக ஸ்டீலைக் கொடுத்து இதுவும் எஸ்.எஸ். தானே என்று கடைக்காரர் சொல்வார். ஒரு கச்சான் (மேல்காற்று) பருவத்திலேயே அதில் தேயிலைக்கறை போலத் துரு படரும். 316 கேட்டு வாங்குங்கள். அலுமினியச் சட்டமும் இரும்புக் கோணமும் நேரடியாக ஒட்டினால் இடையில் உப்பு ஈரம் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும், ரப்பர் வாஷர் இல்லாமல் முடுக்காதீர்கள். இன்வெர்ட்டரைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். அதன் ஃபேன் உப்புக்காற்றை உறிஞ்சி உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் பூசிவிடும். இரவுப் பனியில் பேனல் மேல் உப்பு ஒட்டும், காலையில் மழைத்தண்ணீர் நனைத்த துணியால் துடைத்தால் போதும். கிணற்றுத் தண்ணீர் வெள்ளைக் கறை விடும்.

புயல் எச்சரிக்கை வந்தால் பேனலைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். ஒன்று சுமார் 28 கிலோ இருக்கும், இரண்டு பேர் வேண்டும். முதலில் இன்வெர்ட்டரை நிறுத்துங்கள், பிறகு டி.சி. சுவிட்சை அணையுங்கள், அதன் பிறகே வயர் இணைப்பைக் கழற்றுங்கள். மேகமூட்டத்திலும் பேனலில் வோல்ட்டேஜ் நிற்கும், ஓட்டத்தில் பிடுங்கினால் பொறி பறக்கும். வாடை எழும்புமுன், புரட்டாசியிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். துருப்பிடித்து இறுகிய போல்ட் எது என்பது அன்றைக்குத் தெரிந்துவிட வேண்டும்.