ப்ரூனோவும் மல்லியும்: வயசான லேப்களோடு வெளியே போவது

வயசான லேப்ரடார் நாய் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் இதைக் கேட்டிருப்பார்கள்: "அதுக்கு வயசாயிருச்சுங்க, இனி வீட்டோட கெடக்கட்டும் உடுங்க." சொல்பவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் கார் சாவியைக் கையில் எடுத்தால் போதும், படுத்திருந்த இரண்டும் எழுந்து வாசலில் நிற்கும். எழுந்திருக்கத்தான் நேரமாகிறதே தவிர, வர வேண்டும் என்ற ஆசை கொஞ்சமும் குறையவில்லை. அதனால் வெளியே போவதை நிறுத்துவதில்லை, போகிற விதத்தை மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தோம். அது ஒரே நாளில் ஆன காரியம் இல்லை, ஒரு மழைக்காலத்தில் தொடங்கி அடுத்த மழைக்காலம் வரை இழுத்தது. இதே நிலையில் இருக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

ப்ரூனோ கறுப்பு, ஆண், 12 வயது முடியப்போகிறது. மல்லி ஃபான் கலர், 11 வயது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறோம், சுற்றிலும் தென்னந்தோப்பு, கொஞ்ச தூரத்தில் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்கால். இரண்டும் குட்டியிலிருந்தே தோப்பில் ஓடி வளர்ந்தவை.

முதலில் மல்லி. காலையில் எழுந்ததும் பின்னங்கால் இரண்டும் விறைத்துக்கொண்டு, நாலடி நடந்த பிறகுதான் சரியாகும். மொட்டை மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் இடுப்பு மூட்டு இரண்டிலும் தேய்மானம். டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "எடை எவ்வளவும்மா?" 38 கிலோ. அவள் உடல்வாகுக்கு 30, 31 கிலோ இருந்தால் போதும் என்றார்.

எடை விஷயத்தில் லேப்களைப் பற்றி இரண்டு ஆராய்ச்சிகளைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் பிடிவாதமே வந்துவிட்டது. அமெரிக்காவில் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசி வரை கவனித்திருக்கிறார்கள். ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்திருக்கிறார்கள். 2002ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டுத் தேய்மானத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்டதும் ஒல்லியான நாய்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான். இன்னொன்று கேம்பிரிட்ஜில் 2016இல் கண்டுபிடித்தது: லேப்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் சிறு பகுதி இருப்பதில்லை. அந்த நாய்கள் சாப்பாட்டின் மேல் கூடுதல் குறியாக இருக்கும், எடையும் கூடும். மல்லி அந்த நாலில் ஒன்றா என்று நாங்கள் சோதிக்கவில்லை. ஆனால் தட்டு காலியானதும் அவள் பார்க்கிற பார்வையை நம்பி மறுபடி சோறு போடக் கூடாது என்பது மட்டும் உறுதியாகிவிட்டது.

சிரமம் மல்லியிடம் இல்லை, எங்கள் அத்தையிடம்தான். சாயங்காலம் டீக்கு உட்கார்ந்தால் வறுக்கியில் பாதி அவளுக்கு. "பாவம், வயசான உசுரு, வந்து மூஞ்சியப் பாக்குது, எப்படிக் கண்ணு குடுக்காம இருக்கறது?" என்பார். கொடுக்காதீர்கள் என்று சொன்னால் இரண்டு பேருக்குமே வருத்தம். அதனால் வறுக்கி இருந்த இடத்தில் வெள்ளரிக்காயும் கேரட்டும் நறுக்கி ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டேன். மல்லிக்கு எது கிடைத்தாலும் சந்தோஷம், அத்தைக்கும் கொடுக்கிற திருப்தி. சோற்றைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தை சுரைக்காய், பூசணிக்காய், அவரைக்காய் வேகவைத்து நிரப்பினோம். உப்பு, வெங்காயம் எதுவும் கிடையாது. கோழியையும் முட்டையையும் குறைக்கவில்லை, வயசான நாய்க்குத் தசை கரையாமல் இருக்க அது வேண்டும். எடை பார்க்கக் களத்தில் தேங்காய்ப் பருப்பு மூட்டை நிறுக்கிற மெஷின் இருந்தது. மல்லியை அதில் ஏற்றி நிற்க வைத்தால் பருப்பு வாசனையை மோந்துகொண்டு அசையாமல் நிற்பாள். வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் போதும், வேகமாகக் குறைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த சாரல் பருவம் வந்தபோது 31.5 கிலோவில் நின்றாள்.

வலி மாத்திரை பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் பாராசிட்டமால் கொடுங்கள், நாங்கள் மூட்டு வலிக்குப் போடுகிற மாத்திரையில் பாதி கொடுங்கள் என்பார்கள். கொடுக்கவே கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிருக்கே ஆபத்து. நாய்க்கென்று இருக்கிற மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் மல்லிக்குத் தொடங்கினோம். அந்தப் பரிசோதனையை அவ்வப்போது திரும்பவும் செய்கிறோம்.

ப்ரூனோ கதை வேறு. அவன் குரைப்பு மாறியது. கணீரென்று தெரு முனை வரை கேட்கிற குரல், கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்துக் கம்மிப்போனது. தண்ணீர் குடித்ததும் இருமுவான். கொஞ்சம் நடந்தாலே மூச்சு மரம் அறுக்கிற சத்தத்தோடு வரும். முதலில் காட்டிய இடத்தில் இருமல் மருந்தும் ஆன்டிபயாடிக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், மாதக்கணக்கில் அதிலேயே போயிற்று. பிறகு வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். லேசாக மயக்கம் கொடுத்துத் தொண்டையைப் பார்த்த டாக்டர், குரல்வளை வாதம் என்றார். மூச்சு இழுக்கும்போது குரல்வளையில் இரண்டு பக்கமும் விலகித் திறக்க வேண்டும், ப்ரூனோவுக்கு அவை விலகவில்லை. வயசான லேப்களுக்கு இது அதிகம் வருவதாம். நரம்புகள் மெதுவாகப் பழுதாகிற வியாதி அது, அதனால் பின்னங்காலும் சேர்ந்து பலவீனமாகும் என்றார். அவன் நடக்கும்போது பின்னங்கால் நகம் தரையில் உரசுகிற சத்தத்துக்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. மல்லியைப் போல இவனுக்கும் மூட்டுதான் என்று நினைத்திருந்தோம்.

இந்த நோய் உள்ள நாய்க்கு வெயில்தான் முதல் எதிரி. நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சு வாங்குவதால்தான், அந்த வழியே பாதி அடைத்திருந்தால் சூடு மளமளவென்று ஏறும். லேப்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கத்துக் குளிர்ந்த கடலில் மீனவர்களோடு வேலை பார்த்த நாய்களின் வழி வந்தவை, உடம்பில் இரட்டை அடுக்கு ரோமம். நம் பங்குனி, சித்திரை வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனவே கோடையில் விடிவதற்கு முன் ஒரு நடை, அவ்வளவுதான். சாயங்காலம் தார் ரோடு ஆறுவதற்கே ராத்திரி ஆகிவிடும். புறங்கையை ரோட்டில் வைத்துப் பார்த்து, வைத்திருக்க முடிந்தால்தான் கிளம்புவோம். வீட்டில் தெர்மாமீட்டர் ஒன்று அவர்களுக்கென்றே இருக்கிறது. 101லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 104ஐத் தாண்டினால் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைப் போட்டுவிட்டு, அப்படியே டாக்டரிடம் ஓட வேண்டும்.

நோய் என்னவென்று தெரிந்த அன்றே ப்ரூனோவின் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டோம். நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற ஹார்னெஸ், முதுகில் கைப்பிடி உள்ளது. அந்தக் கைப்பிடி பின்னால் எத்தனை விதத்தில் உதவியது என்று சொல்லி மாளாது.

நீச்சல் விஷயத்துக்கு வருகிறேன். மூட்டு வலிக்கு நீச்சல் நல்லது, உடம்பு பாரம் மூட்டில் இறங்காமல் தசைக்கு வேலை கிடைக்கும். எங்கே விடுவது என்பதுதான் கேள்வி. பிஏபி வாய்க்காலில் விடவே மாட்டேன். இரண்டு பக்கமும் சரிவாகக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் விடுகிற சமயத்தில் இழுப்பு அதிகம், உள்ளே இறங்கிய நாய்க்கு ஏறிவரப் பிடிமானம் கிடையாது. இளம் நாயே தடுமாறும். வாய்க்கால் கரையில் நடக்கும்போது இரண்டையும் கயிற்றிலிருந்து அவிழ்ப்பதில்லை. காட்டுப் பக்கமும் இல்லை. புலிகள் காப்பகத்துக்குள் நாயைக் கொண்டுபோகக் கூடாது, நம் நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் மாதிரி நோய்கள் காட்டு விலங்குகளுக்குப் போகும். நம் நாய்க்குச் சிறுத்தையால் ஆபத்து என்பது தனி.

மாமா தோப்பில் சொட்டுநீருக்குக் கட்டிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஒரு மூலையில் சரிவாக இறங்குகிற மாதிரி. "அதுல உட்டுப் பாரு கண்ணு, அடிக்கடி தண்ணி மாத்தறோம், பாசி இல்ல" என்றார். பாசி படிந்த பச்சைத் தண்ணீர் நாய்க்கு விஷமாகக்கூடும் என்பதால் அதைத்தான் நானும் முதலில் பார்த்தேன். மல்லிக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி இறக்கினோம். தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் அவள் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். காது பின்னால் மடிந்து, கண் அகலமாகி, வாலைத் துடுப்பு மாதிரி அசைத்துக்கொண்டு நேராகத் தொட்டியின் எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பினாள். தரையில் நொண்டுகிற அதே பின்னங்கால்கள் தண்ணீருக்குள் சீராக உதைத்தன.

மறுநாள் காலையில் வால் தொங்கிப்போயிருந்தது. அடியில் கொஞ்ச தூரம் நேராக இருந்து அப்புறம் செத்த மாதிரி கீழே விழுந்திருந்தது, தொட்டால் முனகினாள். எலும்பு முறிந்துவிட்டது என்றே பயந்தோம். டாக்டருக்கு வீடியோ அனுப்பினதும், லேப்களுக்கு நீந்தின பிறகு இப்படி ஆவது உண்டு, வால் தசைப்பிடிப்பு, சில நாளில் தானாகச் சரியாகும் என்றார். ஓய்வு கொடுத்தோம், அந்த வாரத்துக்குள்ளேயே வால் மேலே வந்துவிட்டது. அதிலிருந்து முதலில் கொஞ்சம் நடக்கவிட்டு, பிறகு சில நிமிட நீச்சல், மேலே வந்ததும் துண்டால் வாலையும் காதுக்குள்ளும் நன்றாகத் துடைப்பது என்று வைத்துக்கொண்டோம்.

ப்ரூனோவுக்கு நீச்சல் கிடையாது. குரல்வளை சரியாக மூடித் திறக்காத நாய்க்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகிற அபாயம் உண்டு. மல்லி நீந்தும்போது அவனைக் கரையில் கட்டிவைப்பது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அப்புறம் தோட்டத்து வேலைக்கு வருகிற தம்பி ஒருவர் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற ஆழமில்லாத தொட்டியைக் கழுவி நிரப்பினார். முழங்கால் அளவு தண்ணீர்தான். ப்ரூனோ அதில் இறங்கி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். இப்போது அது அவன் இடம்.

காரில் ஏற்றுவதும் இறக்குவதும் எங்கள் முதுகுக்கும் அவர்கள் மூட்டுக்கும் பெரும்பாடு. ஊர் ஆசாரியிடம் சொல்லி பிளைவுட்டில் ஆறடிச் சரிவுப் பலகை செய்தோம், மேலே கயிற்று மிதியடியை ஆணி அடித்து ஒட்டினார். நாலடிப் பலகை போதும் என்று அவர் சொன்னார், வேண்டாம், சரிவு செங்குத்தாகிவிடும். முதலில் பலகையைத் தரையிலேயே சில நாள் போட்டுவைத்து, அதன் மேல் நடந்தால் ஒரு துண்டுக் கோழி என்று பழக்கினோம். வீட்டுக்குள்ளே டைல்ஸ் மேல் அவர்கள் நடக்கிற பாதை முழுக்க ரப்பர் விரிப்பு. பாதத்துக்கு அடியில் விரல் இடுக்கில் வளர்கிற முடியை வெட்டிவிட்டாலே பாதி வழுக்கல் குறையும், இதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

சாரல் தொடங்கி பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீச ஆரம்பித்தால் எங்களுக்கு நல்ல காலம். தோப்பிலேயே டென்ட் போட்டு ராத்திரி தங்குகிறோம். உண்ணி மாத்திரை தவறாமல், இருட்டுவதற்கு முன் புல் இல்லாத இடத்துக்குத் திரும்புவது, விரியன் நடமாட்டம் உண்டு. மல்லிக்குக் காது மந்தமாகிவிட்டது, அதனால் கூப்பிடுவது டார்ச் வெளிச்சத்தால்தான், இரண்டு தடவை தரையில் அடித்தால் திரும்பி வருவாள். கண்ணில் நீலமாகப் படர்ந்திருப்பதைப் பார்த்துப் புரை என்று பயந்தோம், லென்ஸ் வயசால் இறுகியிருக்கிறது, பார்வை நன்றாகவே இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ப்ரூனோவுக்கு ஆபரேஷன் பற்றிப் பேசினோம். குரல்வளையின் ஒரு பக்கத்தைத் தையலிட்டுத் திறந்தபடி நிறுத்துவார்கள். மூச்சு சுலபமாகும், ஆனால் அதன் பிறகு சாப்பாடோ தண்ணீரோ நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும் ஆபத்து ஆயுள் முழுக்க இருக்கும். சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு சிரமப்பட்டால் செய்யலாம், அதுவரை எடை, வெயில், பரபரப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். இப்போதைக்கு அப்படியே போகிறது.

அடுத்தது கோத்தகிரி. குளிரில் ப்ரூனோ நன்றாக மூச்சு விடுவான் என்பதற்காகவே. நாய் அனுமதி உண்டா என்று கேட்பதோடு, தரைத்தளத்தில் அறை இருக்கிறதா, வாசலில் எத்தனை படி, பக்கத்தில் கால்நடை டாக்டர் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். தங்கப்போகிற இடத்தின் உரிமையாளர் பொறுமையாகப் படியைப் படம் எடுத்தே அனுப்பினார். மூன்று படி, அகலமானவை. பலகையை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம்.