மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்

எங்கள் பிரிவில் 11 பேர். வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்வதுதான் வேலை. போன வருடம் ஊழியர் நல வாரம் கொண்டாடியபோது, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வாங்கித் தரலாம் என்று யோசனை சொன்னது நான்தான். எத்தனை மணிக்குள் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று பக்கவாட்டில் கோடு போட்ட பாட்டில்.

ஒரு மாதம் போயிருக்கும். மாலையில் விளக்குகளை அணைக்கப் போனபோது ஓரத்து மேசையில் இருந்த பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, "தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டியிருக்கும், மேடம். நான் எழுந்தால் என் அழைப்புகளை யார் எடுப்பார்கள்?" என்றார்.

அந்த ஆண்டில் 2 முறை சிறுநீர்த் தொற்று வந்து விடுப்பு எடுத்தவர் அவர். விண்ணப்பத்தில் "காய்ச்சல்" என்று எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டது நான். அவர் எழுந்து போனால் திரையில் அவர் பெயர் சிவப்பாகும். அந்தச் சிவப்பு நிமிடங்களைக் கூட்டி மாத மதிப்பீட்டில் சேர்ப்பதும் நான்தான். ஒரு கையால் பாட்டிலைக் கொடுத்து மறு கையால் அதை மூடி வைத்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

1953இல் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி வெளிவந்த ஆய்வு ஒன்று அடிக்கடி நினைவுக்கு வரும். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே பருமனாக இருந்தார்களா என்ற கேள்வி பிற்பாடு எழுந்தது. அது நியாயமான கேள்விதான். ஆனாலும் நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யச் சபதம் எடுத்துக்கொண்டவர்கள் இல்லை. அவர்களுடைய வேலையே அவர்களை நடக்க வைத்தது. எங்கள் வேலையோ எங்களை நாற்காலியோடு கட்டிப்போட்டிருந்தது.

நிர்வாகத்திடம் 2 முறை போய்ப் பேசினேன். 3 மாதச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. சிவப்பு நிமிடங்கள் மதிப்பீட்டிலிருந்து நீங்கின. ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒருவர் மாற்று ஆளாக இருப்பார்; எழுந்து போகிறவரின் அழைப்பு அவருக்குப் போகும்.

முதல் 2 வாரம் யாருமே எழுந்திருக்கவில்லை. என் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது புரிந்த பிறகு மணிக்கொரு முறை நானே முதலில் எழுந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி நடைக்கூடத்தின் கோடி வரை போய்வந்தேன். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதகமில்லை என்பதும் அதில் தெரிந்தது. இதை எங்கள் குழுவில் சொன்னபோது பலர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஒரு நாள் விட்டுப்போனதும் "இனி என்னால் முடியாது" என்று கைவிட்டவர்கள்தான் அதிகம்.

அந்தப் பெண்ணின் பாட்டில் இப்போது மதியத்துக்குள் ஒரு முறை காலியாகிறது. மாதக் கடைசி வாரத்தில் மட்டும் நிலைமை பழையபடி ஆகிவிடுகிறது. அழைப்புகள் குவிவதால் மாற்று ஆளும் தன் இருக்கைக்கே திரும்பிவிடுகிறார். வேலை நேரமும் நீள்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொன்னதை மேற்கோள் காட்டி, அந்த ஒரு வாரத்துக்காவது கூடுதலாக 2 பேர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்பேன்.