நாலு தடவை எழுதின கட்டுரை

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள் டீச்சர் போன் பண்ணினார்கள். நான் படித்த பள்ளிக்கூடத்தில் விழா மலர் போடுகிறார்களாம். "ஒன்னைப் பத்தி நீயே ஒரு கட்டுரை எழுதிக் குடும்மா. இப்போ உள்ள பிள்ளைகளுக்கு ஒரு தன்னம்பிக்கையா இருக்கும்லா" என்றார்கள். நாலு பக்கம், பதினைந்து நாள் கெடு. நான் தமிழாசிரியை. நாலு பக்கம் ஒரு ராத்திரி வேலை என்றுதான் நினைத்தேன். எழுதி முடிக்க மார்கழி ஆகிவிட்டது. விளம்பரம் சேராமல் மலர் தள்ளிப் போய்க்கொண்டே இருந்ததால் தப்பித்தேன்.

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம். ஒன்றரை வயதில் போலியோ வந்து என் வலது கால் விழுந்துவிட்டது. அது 1988. உலகச் சுகாதார அமைப்பு போலியோவை ஒழித்தே தீருவதென்று தீர்மானம் போட்ட அதே வருடம். அன்றைக்கு 125 நாடுகளில் இருந்த வியாதி; ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேரை முடக்கியதாகக் கணக்கு. இந்தியாவில் அது கடைசியாகப் பிடித்த பிள்ளை மேற்கு வங்காளத்தில் ஹவுராப் பக்கம், 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் நம் நாட்டில் போலியோ இல்லை என்று சான்றிதழும் வந்துவிட்டது. இழுத்து மூடப்போகிற பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு மாதிரி நாங்கள். எங்களுக்குப் பின்னால் சேர ஆள் இல்லை, நல்ல வேளையாக.

எனக்குத் தொடைத் தசை வேலை செய்யாது. வலது கையைத் தொடையில் ஊன்றி, முட்டு மடங்கிவிடாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு எட்டும் வைக்க வேண்டும். சின்ன வயதில் காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம் காலில் போட்டிருந்தேன். சத்தம் போடுகிறது, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எட்டாம் வகுப்பில் கழற்றி வைத்துவிட்டேன். என் சேலைகளை விரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் வலது தொடைப் பக்கம் ஒரு கையகலத்துக்குச் சாயம் வெளுத்திருக்கும்.

முதல் தடவை எழுதியது நிஜமாகவே ஒரு ராத்திரியில் முடிந்தது. அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தது, கூட்டமான பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனது, எம்.ஏ., பி.எட்., வேலை. காலையில் வாசித்துப் பார்த்தேன். எல்லாம் நடந்ததுதான், ஒரு வரி பொய் கிடையாது. ஆனாலும் யாரோ செத்துப்போனவரைப் பற்றி எழுதிய மாதிரி இருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு வாரம் முன்னால் வகுப்பில் விழுந்திருந்தேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது மடங்கியது வலது கால் இல்லை. இத்தனை வருடம் என்னைத் தாங்கின இடது கால். பிள்ளைகள் தூக்கி உட்கார வைத்தார்கள். தரை வழுக்கிவிட்டது என்றேன். தரை காய்ந்துதான் கிடந்தது.

இரண்டு வருடமாகவே அப்படித்தான். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் உடம்பு ஈரத்துணி மாதிரி கனக்கும். டாக்டரிடம் போனபோது விளக்கிச் சொன்னார். போலியோவில் தப்பித்த நரம்புகள், செத்துப்போன நரம்புகளின் வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுப் பார்க்கும். இருபது முப்பது வருடம் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும். நன்றாக இருந்த இடத்திலும் புதிதாகப் பலவீனம் வரும். போன பலத்தைத் திருப்பித் தர மருந்து இல்லை. "தாங்குற அளவுக்கு மட்டும் செய்ங்க. உக்காந்து பாடம் எடுங்க. தூரமாப் போகணும்னா வீல்சேர்ல போங்க. வைராக்கியத்துக்காக உடம்பை வருத்திக்கிட்டா இன்னும் சீக்கிரம் போயிரும்" என்றார்.

பன்னிரண்டு வருடமாக நான் வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. யாரும் உட்காராதே என்று சொன்னதும் இல்லை.

இங்கே ஒரு குறளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பிலிருந்து எனக்குப் பரிசு கொடுத்த எல்லா மேடையிலும் யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்கள்: "பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து ஆள்வினை இன்மை பழி." பரிமேலழகர் பொறி என்றால் விதி என்கிறார். இந்தக் காலத்து உரைகளில் உடல் உறுப்பு என்றும் பொருள் சொல்கிறார்கள். மேடைக்கு அதுதான் வசதி. முதல் அடியில் மன்னிப்பு, இரண்டாம் அடியில் நிபந்தனை. கால் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஆனால் சும்மா இருந்துவிடாதே. வள்ளுவரை நான் குறை சொல்லவில்லை, அவர் எல்லோருக்கும்தான் சொன்னார். கை கால் நன்றாக உள்ளவர்களை விட்டுவிட்டு எங்களைத் தேடி வந்து சொல்கிறார்களே, அதுதான் எரிச்சல். நானும் கிட்டத்தட்ட முப்பது வருடம் அதை என் குறளாகவே வைத்திருந்தேன். இப்போது டாக்டர் ஆள்வினையைக் குறைக்கச் சொல்கிறார். இதை எழுதாமல் தன்னம்பிக்கைக் கட்டுரை எழுதினால் அது எட்டாம் வகுப்பில் காலிப்பரைக் கழற்றி ஒளித்து வைத்த மாதிரிதான்.

இரண்டாவது தடவை கோபமாக எழுதினேன். பொண்ணு பார்க்க வந்த ஒரு பாட்டி, "வலது காலை எடுத்து வச்சுல்லா உள்ள வரணும்" என்று இழுத்தது, 'மாற்றுத்திறனாளி' என்ற சொல், எல்லாம் அதில் வந்தது. 2010-இல் கலைஞர் அரசு 'ஊனமுற்றோர்' என்பதை மாற்றி அந்தப் பெயரை வைத்தது. நல்ல மனசோடு வைத்த பெயர்தான், ஏச்சுக்குப் பதில் ஒரு சொல் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் அது வந்த பிறகு, "ஒங்க திறமை என்ன?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். பாடுவேனா, வாயால் படம் வரைவேனா என்று.

ஆனித் தேரோட்டத்தில் நடந்ததையும் எழுதினேன். திருநெல்வேலி டவுணில் வாகையடி முக்குப் பக்கம், கூட்டத்தில் நிற்க முடியாமல் பட்டுச்சேலையோடு ஒரு கடைப் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா வந்து என் கையில் பத்து ரூபாயை வைத்துவிட்டுப் போனார்கள். கட்டுரையில் நான் அவர்களைக் கூப்பிட்டு ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, சுருக்கென்று நாலு வார்த்தை சொன்னதாக எழுதியிருந்தேன். பொய். நான் வாங்கிக்கொண்டேன். அந்த அம்மாவின் முகம் வாடிவிடுமே என்று இருந்தது. கூட்டத்தில் எழுந்து நின்று பேசத் தெம்பும் இல்லை. கூடப் பத்து ரூபாய் போட்டு நன்னாரி சர்பத் வாங்கிக் குடித்தேன். நல்ல வெயில். சர்பத் நன்றாகத்தான் இருந்தது.

பிச்சை என்று நினைத்துக் கொடுத்தது வலித்ததைவிட, சர்பத் நன்றாக இருந்ததை எழுதத்தான் கை வரவில்லை. இரண்டாவது பிரதியையும் கிழித்தேன்.

வகுப்பில் சிற்றிலக்கியம் நடத்தும்போது நொண்டி நாடகம் வரும். பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் சிரிக்கும், உடனே என்னைப் பார்க்கும், சட்டென்று சிரிப்பை நிறுத்தும். அந்த நிறுத்தம்தான் எனக்குச் சங்கடம். கதை எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: தாசியிடம் பொருளைத் தோற்றவன், குதிரை திருடப் போய் மாட்டிக் கால் வெட்டுப்படுவான், சாமியைக் கும்பிட்டதும் கால் முளைத்துவிடும். நொண்டியே மேடைக்கு வந்து தன் கதையைத் தானே சிந்தில் பாடுவான். அந்த நொண்டிச் சிந்து மெட்டில்தான் நம் எட்டயபுரத்துக்காரர் "நெஞ்சு பொறுக்குதிலையே" பாடினார். நொண்டி தன் கதையைச் சொல்லலாம், ஊரே உட்கார்ந்து கேட்கும். ஆனால் கடைசியில் கால் முளைத்தாக வேண்டும். டீச்சர் கேட்ட கட்டுரையும் அந்த நாடகம்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாமி இருந்த இடத்தில் எம்.ஏ. பட்டம்.

மூன்றாவது தடவைக்கு வழி காட்டியது ஒரு அரசாங்கக் காகிதம். இடது காலும் பலவீனமானதால் ஊனத்தின் சதவீதத்தை மறுபடி பார்த்து, புது அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. யு.டி.ஐ.டி. என்று நாடு முழுக்கச் செல்லுகிற அட்டை. 2016-இல் வந்த சட்டப்படி 21 வகை ஊனங்கள் கணக்கில் வருகின்றன. 1995 சட்டத்தில் ஏழுதான். நாற்பது சதவீதத்துக்குக் குறைந்தால் பெரும்பாலான சலுகை கிடையாது. இ-சேவை மையத்தில் ஆதாரையும் பழைய சான்றிதழையும் ஏற்றிவிட்டு, கூப்பிட்ட நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால் சரியில்லாதவர்களைப் பார்க்கிற அறை மாடியில் இருந்தது. இதைப் பற்றி என்ன எழுத? ஏறினேன்.

உள்ளே சின்ன வயது டாக்டர். புதிதாகப் போலியோ வந்த பிள்ளையை அவர் பார்த்தே இருக்க மாட்டார். தசையின் பலத்துக்கு சைபர் முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். காலைப் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்க" என்றார். மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். பரீட்சை என்றால் எனக்கு அப்படித்தான். "இன்னும்" என்றார், இன்னும் தள்ளினேன். நெற்றியில் வேர்த்துவிட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸ் காதோரம் குனிந்து, "யக்கா, இங்க மார்க்கு கூட வாங்குனா ஒங்களுக்குத்தான் நட்டம்" என்றாள். சிரித்துவிட்டேன். அப்புறம் டாக்டர் கேட்டார்: தரையிலிருந்து எழ முடியுமா, குத்தவைத்து உட்கார முடியுமா, எவ்வளவு நேரம் நிற்பீர்கள்? வாய் தன்னால் "முடியும் சார்" என்றுதான் போனது. மூன்றாவது கேள்விக்குத்தான், "முன்னால முடிஞ்சுது. இப்போ முடியல" என்று வந்தது. சத்தமாக நான் அதைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். அச்சச்சோ என்றும் சொல்லவில்லை, சபாஷ் என்றும் சொல்லவில்லை.

எழுதின தாளைப் பார்த்தேன். வலது தொடைத் தசை சைபர். இடது மூன்று. கையூன்றி நடக்கிறார். அவ்வளவுதான். என்னைப் பற்றி அடைமொழி இல்லாமல் யாராவது எழுதி நான் வாசித்தது அதுதான். அறுபது சதவீதம், மஞ்சள் பட்டை போட்ட அட்டை. எண்பதைத் தொட்டால் நீலம்.

வீட்டுக்கு வந்து அதே மாதிரி எழுத உட்கார்ந்தேன். பஸ் படியில் எந்தக் காலை முதலில் வைப்பேன், கை எங்கே பிடிக்கும். மழை பெய்தால் ஒரு கையில் குடை, ஒரு கை தொடையில், பை பல்லில். பள்ளிக்கூடக் கக்கூஸில் குத்தவைக்க முடியாததால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை காலை ஏழு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருந்தது. தேரோட்டத்தில் பத்து ரூபாயை வாங்கிக்கொண்டது, சர்பத் நன்றாக இருந்தது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துவது. முதல் நாள் உட்கார்ந்தபோது ஏதோ களவாணித்தனம் பண்ணுகிற மாதிரி இருந்தது. ஒரு பிள்ளைகூடக் கண்டுகொள்ளவில்லை.

டீச்சருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "நல்லாத்தான் இருக்கும்மா... கக்கூஸ் எல்லாம் மலர்ல வேணுமா?" என்றார்கள். "நீங்க எனக்கு நாலு வருஷம் கிளாஸ் டீச்சரு. நான் தண்ணி குடிக்காதது ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டேன். குத்திக்காட்டக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இருக்கட்டும், போட்டுருவோம்" என்றார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மூன்றாவது பிரதியில் ஒரு பத்தி இருந்தது, அது என்னுடையது இல்லை.

காய்ச்சல் வந்த அன்று அம்மா என்னை ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப் போய் ஊசி போட்டாள். மறுநாள் விடிகாலையில் ஊசி போட்ட அதே கால் துவண்டு கிடந்தது. ஊசியால்தான் போச்சு என்று ஊர் சொன்னது. "நீதான் கொண்டு போயி காலைக் கெடுத்துட்டு வந்த" என்று அப்பாவைப் பெற்ற ஆச்சி சாகிறவரை சொன்னாள். போலியோக் கிருமி உடம்பில் இருக்கும்போது சதையில் போடுகிற ஊசி, வாதத்தைத் தூண்டிவிடக்கூடும் என்பது மருத்துவத்தில் பழைய சேதி. ஊசி இல்லாமலும் போயிருக்கலாம். எதனால் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், கேட்டுக்கொள்வாள், பதில் சொல்ல மாட்டாள். என் வலியை நான் சந்தியில் வைப்பது என் இஷ்டம். அவளுடையதை அவளைக் கேட்காமல் எப்படி வைக்க?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசித்துக் காட்டினேன். மடியில் சொளவு, இலை, தூள். கேட்டுக்கொண்டே சுற்றினாள். தண்ணீர் குடிக்காத இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அது தெரியாது. ஊசிப் பத்தியில் கை நின்றது.

"ஊசி போட்டத எழுதிட்டியாக்கும்."

"எழுதிருக்கேன்ம்மா. வேண்டாம்னா எடுத்துருதேன்."

இரண்டு பீடி சுற்றி நூல் கட்டினாள்.

"நடந்தத எழுதிருக்கியா?"

"நடந்ததைத்தானம்மா எழுதிருக்கேன்."

"அது இல்லட்டி. நான் நடந்தத. கடைசி பஸ்ஸு போயிட்டு. ஒன்னைய இடுப்புல வச்சிக்கிட்டு நாலு மைலு நடந்தேன். சட்டி கணக்கா கொதிச்சிக்கிட்டுக் கெடந்த. திரும்பி வரும்போவும் நடைதான். ஊசி போட்டாச்சு, விடிஞ்சா சரியாயிரும்னு ஒனக்குக் கதை சொல்லிக்கிட்டே வந்தேன். அத எழுது."

முப்பத்தாறு வருடத்தில் அந்த நடையை ஒரு தடவைகூட அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அதற்குள் அச்சகத்தில் பக்கம் முடித்துவிட்டார்கள். டீச்சரைக் கூப்பிட்டு இடம் கேட்டேன். கட்டுரை முடிகிற இடத்தில் கட்டம் கட்டி அந்தக் குறளைப் போட்டிருந்தார்களாம். அதை எடுத்தால் ஆறு வரி கிடைக்கும் என்றார்கள். எடுக்கச் சொன்னேன். அம்மா நடந்ததற்கு ஆறு வரி பற்றவில்லை, சர்பத்தில் இரண்டு வரியைக் குறைத்துக்கொண்டேன்.