புல் வேர் பிடித்த பிறகு தூண் இறக்குங்கள்

சோலார் பண்ணை என்றதும் பேச்சு பேனல் விலையிலும் யூனிட் கணக்கிலுமே சுற்றுகிறது. நிலத்தை முதலில் கெடுப்பது பேனல் அல்ல, அதை நட வரும் வண்டிகள். ஈரம் காயாத மண்ணில் பேனலைத் தாங்கும் தூணை அடிக்கும் இயந்திரமும் சரக்கு லாரியும் சில தடவை போய்வந்தாலே மண் இறுகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடும். பேனல் வந்தபின் இன்னொரு சிக்கல்: பரவலாக விழவேண்டிய மழை, கீழ் விளிம்பில் ஒரே கோடாக விழுகிறது. அடியில் வெறும் மண் இருந்தால் அந்தக் கோடு சில மழைகளில் வாய்க்காலாகி, சேற்றைப் பக்கத்து வயலில் கொண்டுபோய்க் கொட்டும். அக்கம்பக்கத்தோடு மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

அதனால் புல்லை முதலில் விதையுங்கள். அது வேர் பிடித்த பிறகே தூண். அட்டவணையில் ஒரு பருவம் தள்ளிப்போகும், போகட்டும். நிலத்தை மேஜைபோலச் சமன்படுத்தவும் வேண்டாம். மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தூணின் உயரத்தைத்தான் மாற்ற வேண்டும். சத்தில் பெரும்பகுதி மேலே உள்ள 15–30 செ.மீ. மண்ணில்தான் இருக்கிறது. கேபிள் பள்ளம் வெட்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவித்து, அடிமண்ணை முதலில் தள்ளி மூடுங்கள். வயலுக்கடியில் பழைய வடிகால் குழாய் ஓடுகிறதா என்று உழுதவரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாவிட்டால், ஏதாவது ஒரு தூண் அதைத் துளைத்துவிடும். அடுத்த மழையில் வயல் குளமாகும்போதுதான் தெரியவரும்.

புல்லை வெட்ட இயந்திரத்தைவிடச் செம்மறி நல்லது. பேனலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து சுமார் 80 செ.மீ. இருந்தால் போதும். வெள்ளாட்டை விடாதீர்கள்: பேனல்மேல் ஏறும், கேபிளைக் கடிக்கும். மாடு மேய வேண்டுமென்றால் 2 மீட்டருக்கு மேல் தூக்க வேண்டும். இரும்பும் செலவும் கூடும். பேனலுக்கு அடியிலேயே பயிர் செய்யும் யோசனை புதிதல்ல, ஜெர்மனியின் இயற்பியலாளர் அடோல்ஃப் கோட்ஸ்பெர்கர் 1980களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்.

வேலியின் அடியில் 15–20 செ.மீ. இடைவெளி விட்டால் சிறு விலங்குகள் போய்வரும். ஆனால் ஆட்டுக்குட்டி அதில் நுழைந்து வெளியேறாதபடி மேய்ப்பவரோடு பேசி வையுங்கள். தரையில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் புல்வெட்டு கூடாது. குளக்கரையை ஒட்டிப் பேனல் வைப்பதும் சரியல்ல: பேனலில் பட்டுத் தெறிக்கும் ஒளியைத் தண்ணீர் என்று நம்பி மேஃப்ளை (mayfly) போன்ற நீர்ப்பூச்சிகள் அதன்மேல் முட்டையிட்டு வீணாகின்றன. இன்வெர்ட்டரையும் டிரான்ஸ்பார்மரையும் பண்ணையின் நடுவே வையுங்கள். அவற்றின் ரீங்காரம் வீடுகளுக்குக் கேட்காது.

1 மெகாவாட்டுக்குச் சுமார் 4–5 ஏக்கர் போகும், அதுவும் 25–30 வருடத்துக்கு. குத்தகைப் பத்திரத்தில் வாடகையைவிடக் கடைசிப் பக்கங்களைக் கவனமாகப் படியுங்கள். குத்தகை முடிந்ததும் தூணையும் கேபிளையும் எத்தனை ஆழம் வரை பிடுங்க வேண்டும், கம்பெனி கைமாறினாலோ திவாலானாலோ யார் பிடுங்குவது, அதற்கான பணம் இரு தரப்பையும் சாராத மூன்றாம் ஆளிடம் முன்கூட்டியே இருக்கிறதா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். இன்னொன்றும் வேண்டும்: நிலம் ஒருவருடையதாகவும் உழுபவர் வேறொருவராகவும் இருந்தால், உழுபவருக்கான இழப்பீடு பத்திரத்தில் தனியாக எழுதப்படட்டும்.